காணாமல் போன அப்பாஸ்ட்ரபி

"ஐயோ... தூக்கிட்டானுங்க!"

சிவப்பிரகாஷின் அலறலில் வேலந்தாவளம் முக்கே திரும்பிப் பார்த்தது.

புதுப்பித்த பேக்கரி. இன்று மறுதிறப்பு விழா. கல்லா பத்திரம். கேக் பத்திரம்.

ஆனால் வாசல் போர்டில்...

தாத்தா பெயரில் 'நஞ்சப்பன்'ஸ் பேக்கரி' என்ற இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவே, அந்தச் சிவப்பு அப்பாஸ்ட்ரபியை மட்டும் காணோம்!

ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கா இத்தனை கூப்பாடு என்கிறீர்களா? இது கல்யாண விஷயம்!

அவனுக்குப் பார்த்திருக்கும் பெண் ஜீவிதா. காலேஜில் இங்கிலீஷ் டீச்சர். போன மாதம் வந்தவள் பழைய போர்டைப் பார்த்துவிட்டாள். 'கேக்'ஸ், பன்'ஸ்'... எதற்கெடுத்தாலும் ஓர் அப்பாஸ்ட்ரபி.

"ஏனுங்க, பன்னுக்கெல்லாம் எதுக்குங்க கொம்பு? பேருக்கு மட்டும் வெச்சாப் போதாதுங்களா? மொதல்ல போர்ட மாத்துங்க. அப்பறம் மத்ததப் பேசலாம்!"

மாற்றினான். பெண் வீட்டார் இன்று பதில் சொல்ல வருகிறார்கள். கார் கிளம்பியாகிவிட்டது...

சிவப்பிரகாஷ் எதிர்க்கடை பொன்ராஜின் சட்டையைப் பிடித்தான்.

"எங்கய்யா அது?"

"எதுங்க?"

"அப்பாஸ்ட்ரபி!"

"அத எங்கடையில விக்கறதில்லீங்க!"

அப்போது பேக்கரிக்குள்ளிருந்து வந்தார் அம்மா சரஸ்வதியம்மாள். இடுப்புச் செருகலில் கைவிட்டு... சிவப்பாக எதையோ எடுத்தார்!

"அம்மா... நீயா?"

"நாந்தான்டா! போர்டு ஒரு கொறையில்லாம ஜொலிக்குது. ஊரு கண்ணு சும்மா உடுமா? கொழந்தைன்னாக் கன்னத்துல மை வெக்கறோம். புது ஊடுன்னாப் பூசணி கட்டறோம். போர்டுக்கு என்ன பண்ணச் சொல்ற? இருக்கறதுலயே சின்னதாப் பாத்துக் கழட்டுனேன்!"

கிறீச்!

கார் வந்து நின்றது. ஜீவிதா இறங்கினாள். சரஸ்வதியம்மாளின் குரல் காருக்குள் கேட்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். பாதி ஊருக்கே கேட்டது.

போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பா இருக்குதுங்களே!"

சிவப்பிரகாஷ் பொன்ராஜின் சட்டையை விட்டான்.

ஜீவிதா மெல்ல அம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"அத்தை... எனக்கு ரசங்கூட வெக்கத் தெரியாதுங்க. ஒரு கொறையும் ஆகாதுங்கற ஊடா இருந்துருமோன்னு நடுங்கிட்டே வந்தேன். நீங்க கொறையத் தேடிப் புடிச்சு வெக்கறவிங்க... எனக்குச் சம்மதமுங்க!"

சரஸ்வதியம்மாள் அப்பாஸ்ட்ரபியை மகன் கையில் திணித்தார்.

"அப்பறமென்ன, இதத் திருப்பி மாட்டிருடா. கொறைக்குத்தான் மாப்பிள்ளைன்னு நீ வந்து நிக்கறயே!"