விரலை எடுங்க!

"யாரு கட்டிக் கொடுத்தா? அப்பாவா?"

யெசேனியா நிமிரவில்லை. சக்கரத் திருகை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அப்பா இல்ல. ஸ்க்ரூடிரைவர் இருக்கு."

கேட்டவர், பந்தயத் திடலில் பக்கத்து மேசையில் இருந்த டுவெய்ன். எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஆள் கதவு அகலம். ரிமோட்டில் ஓட்டும் அவருடைய குட்டிப் பந்தய வண்டி, பக்கி, பளபளவென்று நின்றது.

யெசேனியாவின் பக்கியும் அதே மாதிரி பெட்டியில் துண்டு துண்டாக வந்ததுதான். கண்ணாடி போன்ற மேல்கூட்டுக்கு அவளே உள்பக்கமாக ஊதா அடித்திருந்தாள், ஓரத்தில் வழிந்திருந்தது. பின்னிறக்கை உடைந்துபோனதால் ப்ளீச் பாட்டிலை வெட்டி மாட்டியிருந்தாள்.

"சோப்பு டப்பா பறக்குமா பாப்பா? கொடு இங்க, பிரிச்சு ஒழுங்கா மாட்டித் தர்றேன்."

"தொடாதீங்க. நான் கட்டுனேன். நானே பிரிப்பேன்."

ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள். கேரட் கழுவிக் கட்டும் கொட்டகையில் வேலை முடித்து நேராக வந்தவள். "அவ கட்டுனதுதான் சார். என் இஸ்திரி மேசைல வெச்சுத்தான். அது இன்னும் என் கைக்குத் திரும்பல."

சிறுவர் பந்தயத்தில் ஊதா வண்டி இரண்டு தடவை கவிழ்ந்தது. ஆனாலும் எல்லைக் கோட்டைத் தாண்டியது.

அந்த மண் தடத்தில் ஒரு வழக்கம். ஓட்டி முடித்தவர், அடுத்த பந்தயத்துக்குத் தடத்தில் இறங்கி நிற்க வேண்டும். கவிழும் வண்டிகளைத் தூக்கி நிறுத்த வேண்டும். நிற்காதவர் பெயரை அடித்துவிடுவார்கள். அவருக்கு இறுதிப் பந்தயம் கிடையாது.

பந்தயம் நடத்தும் லோர்னா, தடத்தில் நிற்பவர்கள் போடும் ஆரஞ்சு சட்டைகளைக் கொடுத்துக்கொண்டு வந்தார். யெசேனியாவைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"நீ உக்காரு தங்கம். அடுத்தது பெரியவங்க பந்தயம். உனக்குப் பதிலா வேற ஆளை நிறுத்துறேன்."

"நிக்காதவங்க பேரை அடிச்சிருவீங்கதானே?"

"உன் பேரை அடிக்க மாட்டேன். நீ சின்னப் பொண்ணு."

"அப்ப இறுதிப் பந்தயத்துல ஓட்டினாலும் சலுகைல வந்தவள்னுதான் சொல்லுவாங்க. எனக்கு வேணாம். சட்டையக் கொடுங்க."

லோர்னா அம்மாவைப் பார்த்தார். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "அவகிட்ட பேசி நான் ஜெயிச்சதே இல்ல."

"சரி. மேட்டு வளைவுல நில்லு. வண்டி வருதான்னு பாத்துட்டுத்தான் இறங்கணும்."

சட்டை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

பந்தயம் சூடு பிடித்தது. டுவெய்னின் வண்டி மேட்டில் துள்ளி, மூக்குக் குத்தி, யெசேனியாவின் எதிரே மல்லாந்து விழுந்தது. அவள் பார்த்தாள். ஓடினாள். தூக்கினாள்.

கைக்குள் சக்கரங்கள் வீரிட்டுச் சுழன்றன. மண் முகத்தில் அடித்தது. ஓட்டுபவர்களுக்கான மேடையில் நின்ற டுவெய்ன் ரிமோட் விசையை விடவே இல்லை.

"போடு! கீழ போடு!"

அவள் வண்டியைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். "விரலை எடுங்க!"

"போடுன்னா போடு!"

"சக்கரம் நிக்காம போட மாட்டேன்! என் விரல் எனக்கு வேணும்!"

மேடையில் ஒருவர் சிரித்தார். "எடுய்யா டுவெய்ன்! அவதான் இப்ப முதலாளி!"

சக்கரங்கள் நின்றன. அப்போதுதான் அவள் கவனித்தாள். முன்சக்கரம் ஒன்று கோணித் தொங்கியது. அதைத் திருப்பும் கம்பி, உருண்டை முனையை விட்டுக் கழன்றிருந்தது. பழுது பார்ப்பது அவள் வேலை அல்ல. அப்படியே வைத்தால் வண்டி அடுத்த வளைவிலேயே தடத்தின் ஓரக் குழாயில் முட்டும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

இஸ்திரி மேசையில் அவள் கட்டைவிரலைக் கொப்பளிக்க வைத்த அதே மூட்டு. அழுத்தினாள். டக். வண்டியைத் திசை பார்த்து வைத்துவிட்டு விலகினாள்.

டுவெய்ன் மூன்றாவதாக வந்தார். இறங்கியதும் நேரே அவளிடம் வந்தார்.

"முன்சக்கரம் தொங்குனத பாத்தேன். அப்புறம் எப்படி நேரா ஓடுச்சு?"

"கம்பி கழண்டிருந்துச்சு. மாட்டுனேன். விரலைச் சீக்கிரம் எடுத்திருந்தா ரெண்டாவதா வந்திருப்பீங்க."

டுவெய்ன் கழுத்தைச் சொறிந்தார். "அதுவும் சரிதான்."

எல்லோரும் சேர்ந்து ஓட்டும் இறுதிப் பந்தயத்துக்கு, வண்டிகள் கிளம்பும் கோட்டில் நிற்க வேண்டிய வரிசைப்படி லோர்னா பெயர்களை வாசித்தார். கடைசியாக வந்தது, "யெசேனியா பரகான்."

"கடைசியா நிக்கணுமே, பாப்பா," என்றார் டுவெய்ன். இம்முறை கேலி இல்லை.

யெசேனியா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நிக்கிறேன். நீங்கல்லாம் முன்னாடி நின்னாத்தானே முந்துறதுக்கு ஆள் கிடைக்கும்!"