அரை இஞ்ச்

மாலை 5.10. டீனா படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்தார். வீட்டுப் பத்திரம் வைத்திருந்த தட்டு காலியாக இருந்தது. ஹாலில், வாடகைக்கு எடுத்துப் போட்ட சோபாவில், வீடு வாங்க வந்தவர் காத்திருந்தார். அசல் பத்திரம் இல்லை என்றதும் எழுந்து போய்விட்டார்.

6.00. எஸ்.ஐ. தர்ஷினி ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்திருந்தார். உட்கார இடம் தேடினார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

படுக்கையறையில் காலையில் போட்ட புது மரப்பலகைத் தரை. அலமாரிக்கு முன்னால் மரச்சீவல். அலமாரிக் கதவுகளின் கீழ் விளிம்பில் மட்டும் பெயின்ட் இல்லை.

தரை போட்ட சரவணன் சுவரோரம் நின்றார். அவர் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டார்கள். பத்திரம் இல்லை.

“வீட்ல யார் யார் இருந்தீங்க?”

“நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன். இவரும் இந்த ஆளும்தான்,” என்றார் டீனா.

“சார், பத்திரத்தைக் கடைசியா எப்போ பாத்தீங்க?”

டீனாவின் கணவர் ரெமிஜியஸ் கண்ணாடியைத் துடைத்தார். “ரெண்டு மணிக்கு. சாப்ட்டு வந்து அலமாரியத் தொறந்தேன். இருந்துச்சு.”

“தரை போட்டு முடிச்சப்புறமா?”

“ஆமா. முடிச்சப்புறம்தான்.”

“அப்போ இவன்தான். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க மேடம்,” என்றார் டீனா.

“ஒரு தடவ ஸ்டேஷன் ஏறினா அப்புறம் எந்த வீட்லயும் என்னை உள்ள விட மாட்டாங்க மேடம்,” என்றார் சரவணன்.

தர்ஷினி தரையைப் பார்த்தார். “இது யார் செலக்‌ஷன்?”

“இவருதான். விக்கப் போற வீட்டுக்குத் தரை செலக்ட் பண்ண நாலு மாசம்! டைல்ஸ் வேணாம், கிரானைட் வேணாம். போன வாரம் திடீர்னு இதுதான்னாரு,” என்றார் டீனா.

6.20. தர்ஷினி சரவணனை வாசலுக்கு அழைத்தார்.

“காலையிலருந்து வரிசையா சொல்லுங்க.”

“ஒம்பதுக்கு, பலகைக்கு அடியில போடுற ஃபோம் ஷீட் விரிச்சேன். பத்துக்கு டீ குடிக்கப் போனேன். வந்து பலகை மாட்டி பன்னண்டுக்கு முடிச்சேன். நாலு மணிக்கு அலமாரிக் கதவைக் கழட்டி, அடியில இழைச்சு மாட்டினேன்.”

“ஏன்?”

“பழைய தரை மேலயே போட்டா அரை இஞ்ச் ஏறிடும் மேடம். கதவு இடிக்கும். எல்லா வீட்லயும் இதே கதைதான்.”

6.30. தர்ஷினி படுக்கையறைக்குத் திரும்பினார்.

“சார், பன்னண்டுலருந்து நாலு வரைக்கும் அந்தக் கதவு தொறக்காது. நீங்க எப்படித் தொறந்தீங்க?”

ரெமிஜியஸ் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

“தரை போட்டப்புறம் பாத்தேன்னு சொன்னா, தரைக்கு அடியில யாரும் தேட மாட்டாங்க. டைல்ஸ்னா சிமென்ட்ல காகிதம் போயிடும். ஃபோமுக்கு அடியில அப்படியே இருக்கும். இவர் டீ குடிக்கப் போனப்போ வெச்சீங்க.”

“கிழிச்சுப் போட மனசு வரல,” என்றார் ரெமிஜியஸ். “விக்க வேணாம்னு சொல்லவும் வாய் வரல.”

“இவரு ஜெயிலுக்குப் போயிருப்பாரு சார்.”

“தெரியும்.”

டீனா ஹாலுக்குப் போய் வாடகை சோபாவில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை.

“ஜன்னலோரம் ஃபோம் கொஞ்சம் மேடா இருந்துச்சு மேடம். பழைய தரைதான் மேடுன்னு நெனச்சேன்,” என்றார் சரவணன். “அது மொத வரிசை. எடுக்கணும்னா கடைசியிலருந்து எல்லாத்தையும் கழட்டணும்.”

“கழட்டுங்க.”

அவர் முட்டி போட்டார். கடைசி வரிசைப் பலகை கழன்றது.

“எடுத்தப்புறம் திரும்பப் போடணுமா அக்கா?” என்று ஹாலைப் பார்த்துக் கேட்டார்.

“அவரையே கேளுங்க,” என்றார் டீனா. “செலக்ட் பண்ணி முடிக்கட்டும்.”