முதல் குரலுக்கே வந்த பிள்ளை

எலியா முதல் குரலுக்கே வந்து உட்கார்ந்தான்.

பிறந்து ஆறு வருஷத்தில் அவன் இப்படி ஒரு காரியத்தைச் செய்ததே இல்லை. நாலு தரம் கூப்பிட வேண்டும், ஐந்தாவது தரம் விளக்குமாற்றோடு போய் நிற்க வேண்டும், அப்போதும் கறிப்பலா மரத்தின் மேலிருந்து "வர்றேன், வர்றேன்" என்று பதில்தான் வரும், ஆள் வரமாட்டான். இன்று பெனினா அடுப்படியில் இருந்தபடியே "ஜெபத்துக்கு வாங்க" என்று ஒரு சத்தம்தான் போட்டாள். திரும்பிப் பார்த்தால் கூடத்துப் பாயில் சம்மணமிட்டு, ஈரத்தலைக்குக் குளிரும் என்றோ என்னவோ தலையோடு கால் போர்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது அவளுக்கு. எப்படி வந்தது, ஏன் வந்தது என்று தெய்வத்தைக் குறுக்குவிசாரணை செய்ய அவளுக்கு நேரமில்லை.

நேரம் என்று ஒன்று அவளுக்கு இருந்து பல மாதங்கள் ஆகின்றன. கணவன் செஃபோ நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போய்விட்டான். இவள் விடியுமுன் எழுந்து பஸ் பிடித்து ஆப்பியா நகரத்துக்குப் போய், ஓட்டல் சலவைக்கூடத்தில் யார் யாரோ புரண்ட விரிப்புகளைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, நாலு மணி பஸ்ஸில் திரும்பி, நாத்தனார் சலோமே வீட்டிலிருந்து கைக்குழந்தை லூப்பேயை வாங்கி இடுப்பில் வைத்தால், அப்புறம் அந்த இடுப்பு அவளுடையதாக இருக்காது. இன்றும் அப்படித்தான். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் தேங்காய்ப்பால் கரண்டி, காலால் அடுப்புக்குள் மட்டையைத் தள்ளல். நாலு வயது ஃபெட்டு பின்னாலிருந்து அவள் இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். பெரியவள் மாசினா, ஒன்பது வயது, தட்டு கழுவுகிறேன் என்ற பேரில் தண்ணீரில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ஊர்க்கோடியில் தொங்கும் காலி காஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். முதல் மணி. வீடு சேரவேண்டிய மணி. இரண்டாவது மணிக்கு ஜெபம் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாவது அடிக்கும்வரை ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது. இளவட்டங்கள் கழியோடு சாலை நெடுகிலும் வரிசையாக நின்றுவிடுவார்கள், அவள் கொழுந்தன் பாலோ உட்பட. போன மாதம் மழையில் நனைகிற துணியை எடுக்க ஓடியதற்கு ஊர்ச்சபையில் நிற்கவைத்துப் பேசிய பேச்சு இன்னும் அவள் காதில் இருந்தது.

அவள் தலைகளை எண்ணினாள். போர்வைத் தலை ஒன்று, மாசினா, ஃபெட்டு, இடுப்பில் லூப்பே. நாலு. அப்பாடா என்றிருந்தது.

லூப்பே வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அப்போது போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் மெதுவாக நீண்டன, குழந்தையைக் கொடு என்பதுபோல. பெனினாவுக்குக் கண் கலங்கியே விட்டது. குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். லூப்பே சட்டென்று அழுகையை நிறுத்தினாள். தூங்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு, அசையாமல் கிடந்தாள்.

"என் ராசா, இன்னைக்குத்தான்டா நீ அம்மா பிள்ள," என்றாள் பெனினா.



அவள் ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களைச் சாய்த்து மூடினாள். வெளியே வெளிச்சம் பழுத்து, சிவந்து, கறுத்துக்கொண்டிருந்தது. கடல் வற்றியிருந்ததால் அலைச்சத்தம் தூரத்தில், பாறைத்திட்டுக்கு அப்பால்தான் கேட்டது. ஆனால் வாசனை மட்டும் கூடத்துக்குள்ளேயே இருந்தது. வற்றிய கடலின் சேற்று வாடை, பாசி வாடை, சிப்பிக்குள் செத்த ஏதோ ஒன்றின் வாடை. தேங்காய்ப்பால் வாசனையையும் அடுப்புப் புகையையும் தாண்டி அது மூக்கில் ஏறியது.

"அம்மா, எலியா மேல நாத்தம் அடிக்குது," என்றாள் மாசினா. அவள் பாயின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டிருந்தாள். அண்ணன் மடியில் விழுந்து புரளாமல் ஜெபம் செய்தறியாத ஃபெட்டுவும் அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கடல்ல ஆடிட்டு வந்தா ரோசாப்பூவா மணக்கும்? ஒரு நாள் அவன் ஒழுங்கா இருந்தா உனக்குப் பொறுக்காதே!"

"அவனக் கொசு கடிக்கலம்மா. பாரேன்."

பெனினா பார்க்கவில்லை. இரண்டாவது மணி அடித்துவிட்டது.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பாட்டு எழும்பியது. சலோமே வீட்டின் கரகரத்த குரல்கள், அதற்கும் அப்பால் போதகர் வீட்டின் திருத்தமான குரல்கள், ஊரே ஒரு தொண்டையாக முழங்குவதுபோல. பெனினாவும் கண்ணை மூடி ஆரம்பித்தாள். மாசினா பாடினாள். ஃபெட்டு முனகினான். போர்வையும் பாடியது.

ஆனால் அது பின்தங்கிப் பாடியது. அவள் ஒரு அடியைப் பாடி முடித்ததும், அந்த அடியை அது திருப்பிச் சொன்னது, பாடம் படிப்பதுபோல. முதல் சரணத்தில் அது வெறும் மூச்சாக இருந்தது. இரண்டாவதில் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. மூன்றாவது சரணத்தில் அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அந்த இடைவெளியில் ஒரு பெண்குரல் பாடியது. கொஞ்சம் உடைந்த, களைத்த குரல். உச்சியில் போகும்போது லேசாகப் பிசிறடிக்கும் குரல்.

தன் குரல் பிசிறடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் கண்ணைத் திறந்தாள். பிள்ளை சுவரைப் பார்த்தபடியே இருந்தது. போர்வையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமாகியும் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா! கதவத் தொறம்மா!"

எலியாவின் குரல்.

சலோமே சொல்லியிருக்கிறாள், இவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வாரமே சொன்னாள். 'அந்தி மணிங்களுக்கு நடுவுல ஆய்ட்டுங்கிற பேய் வரும், உன் புருஷன் குரல்ல கூப்பிடும், உன் பிள்ளை குரல்ல கூப்பிடும். ஆள எண்ணிப் பாரு. எண்ணிக்க சரியா இருந்தா வாயத் தொறக்காத.' பேய்க்கதை என்று அன்று சிரித்தாள் பெனினா. இன்று எண்ணினாள். நாலு. மறுபடி எண்ணினாள். நாலுதான்.

"பதில் சொல்லாதீங்க," என்று மாசினாவிடமும் ஃபெட்டுவிடமும் கிசுகிசுத்தாள். "யாரும் பேசக் கூடாது. அது நம்ம எலியா இல்ல."

எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை இறுக்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சிரைக்கும் சத்தம். அந்த மூச்சின் சூடு பலகை வழியே கைக்கு எட்டுவதுபோல இருந்தது.

"அம்மா, நீ உள்ளதான் இருக்க, எனக்குத் தெரியும். பாலோ சித்தப்பா கழியோட நிக்கிறாரு, பாத்தா அடிப்பாரு. தொறம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாடினாள். சத்தமாகப் பாடினாள்.

"கோபமாம்மா? கொசுவத்தி அந்தக் கடைல இல்லம்மா. அடுத்த ஊர்க் கடைக்குப் போயிட்டேன். அதான் நேரமாச்சு. வாங்கிட்டேன்மா, பாரு."

பாட்டு அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

கொசுவத்தி. பஸ்ஸை விட்டு இறங்கி, குழந்தையைத் தூக்கி, அடுப்பு மூட்டி, யாரோ அழ, யாரோ இழுக்க, அந்தக் களேபரத்தில் அவள் ஒரு பிள்ளையைக் கடைக்கு அனுப்பியிருந்தாள். காசைக் கையில் திணித்து, 'ஓடு, மணிக்கு முன்ன வந்துரு' என்று சொன்னது அவள்தான். அனுப்பியதை மறந்ததும் அவள்தான். பெற்ற தாய். பெற்ற பிள்ளையை மறந்துவிட்டாள்.

கை தாழ்ப்பாளுக்குப் போனது.

பின்னால் பாய் சரசரத்தது. திரும்பினாள். அது இப்போது சுவரைப் பார்த்து உட்காரவில்லை. போர்வைக்குள் முகம் தெரியவில்லை, ஆனால் அவள் பக்கம் திரும்பியிருந்தது. மடியில் லூப்பே. ஒரு கை லூப்பேயின் தலைமேல் இருந்தது. உச்சிக்குழியின்மேல், பஞ்சுபோல் துடிக்கும் அந்த இடத்தின்மேல், ஒரு விரல். விரல் வெளுத்து ஊறியிருந்தது, சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஊறிய அவள் விரல்களைப்போலவே.

அவள் கூச்சல் போட வாயைத் திறந்தாள். விரல் லேசாக அழுந்தியது.

வாயை மூடினாள். விரல் தளர்ந்தது.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். எடுக்கவேண்டியிருந்தது. ஊரெல்லாம் பாடிக்கொண்டிருந்தது, கூப்பிடு தூரத்தில் நாற்பது பேர், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கதவின் அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. இந்தப் பக்கம் மூன்று. எந்தத் தாய் இந்தக் கணக்கைப் போடுவாள்?

"அம்மா..." எலியா அழ ஆரம்பித்திருந்தான். "இருட்டா இருக்கும்மா."

போர்வைக்குள் வாய் அசைந்தது. துணி உள்ளே இழுபட்டு வெளியே வந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. சத்தம் வெளியே, கடல் பக்கம், தென்னைகளுக்கு அடியிலிருந்து வந்தது.

"எலியா! இங்க இருக்கேன்டா, என் ராசா. வா."

அவள் குரல்.

"அம்மா! நீ ஏன் அங்க நிக்கிற?"

அழுகை போய்விட்டது. சந்தோஷம். செருப்புச் சத்தம், பட் பட் பட் என்று, படியிறங்கி, மணலுக்கு ஓடி, தேய்ந்து, இல்லாமல் போனது.

மூன்றாவது மணி அடித்தது.

போர்வை சரிந்தது. உள்ளே யாரும் இல்லை. ஈரமான பாய், நடுவில் லூப்பே, அழக்கூடத் தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டு. பெனினா பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள், உச்சியைத் தடவினாள், மாசினாவின் மடியில் போட்டாள்.

"போயிடுச்சு. அது போயிடுச்சு. நான் எலியாவக் கூட்டிட்டு வரேன். தாழ்ப்பாள் போட்டுக்கோ. என்ன கேட்டாலும் யாருக்கும் தொறக்காத."

"சரிம்மா."

ஓடினாள். மணல். தென்னை. மணல். சேறு. "எலியா! எலியா!" கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. சேற்றில் சின்னச் செருப்புத் தடம். பக்கத்தில் வெறுங்கால் தடம், ஒரு பெண்ணுடையது. இரண்டும் கடலை நோக்கிப் போகவில்லை. ஒரு வட்டம் போட்டு, அவள் வந்த வழியே, வீட்டை நோக்கித் திரும்பியிருந்தன.

திரும்பி ஓடினாள். கால் தரையில் படுவதே தெரியவில்லை. சாலையில் பாலோ கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். "பாலோ! பாலோ!" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் குளிர்ந்ததுபோல் சட்டையை இழுத்து மூடிக்கொண்டான். அவளைத் தாண்டி வீட்டைப் பார்த்து, "அண்ணி, எல்லாரும் உள்ளதானே?" என்று கத்தினான்.

"உள்ளதான்," என்றது வீடு.

கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

விளக்கு எரிந்தது. கொசுவத்தி புகைந்தது. எலியா ஃபெட்டுவின் தட்டிலிருந்து கிழங்கைத் திருடிக்கொண்டிருந்தான், மாசினா அவன் தலையில் குட்டினாள். நடுவில் அவளுடைய சட்டையில் அவளுடைய முதுகு. கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாசினா! எலியா! கதவத் தொறங்கடா. அம்மாடா. நான்தான்டா அம்மா!"

நாலு முகமும் ஜன்னல் பக்கம் திரும்பின. எலியாவின் வாயில் கிழங்கு அப்படியே நின்றது.

"அம்மா," என்றான் அவன், அந்த முதுகைப் பார்த்து. "உன் குரல்லயே கூப்பிடுதும்மா."

மாசினா தம்பிகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் உதடுகள் அசைந்தன. பதில் சொல்லாதீங்க.

அப்போது லூப்பே பசிக்கு முனகினாள், அவளுக்கே உரிய அந்தச் சின்னச் சத்தம். அந்த முதுகு குனிந்து குழந்தையை எடுத்து மாரோடு அணைத்தது. முனகல் நின்றது. வெளியே இருட்டில், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற பெனினாவுக்குப் பால் சுரந்து, சட்டையை நனைத்து, வயிற்றில் வழிந்து, மணலில் சொட்டிக்கொண்டே இருந்தது.