கூடுதல் ஆள்

மாரிசெல்வி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் கம்ப்யூட்டர் மட்டும், யாரோ உட்கார்ந்து வேலை பார்ப்பதுபோல, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

வேலை முடிந்து வந்த முனியராஜ் அதைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றான். ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை கறுத்து நட்சத்திரங்கள் பறந்து வர வேண்டும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் கடை ஹாமிதிடம் சொல்லி அப்படி ஸ்கிரீன்சேவர் வைத்திருந்தான். நட்சத்திரம் ஓடினால் அவள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நேரமாயிற்று. ஓடாவிட்டால், இவன் செருப்புச் சத்தம் கேட்டு இப்போதுதான் எழுந்து ஓடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் வழியாகப் பிரஸ் இராமகிருஷ்ணனோடுதான் ஏதாவது பேச்சாக இருக்கும். பட்டாசுப் பெட்டி லேபிள் வரைகிற வேலையை அவளுக்குக் கொடுக்கிற சாக்கில் அடிக்கடி வருகிறவன், கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு அவள் போட்டோவையே படமாகப் போடச் சொன்னவன்.

“எப்பப் புள்ள எந்திரிச்ச?”

“அப்பவே எந்திரிச்சாச்சு. சோறு வடிச்சிருக்கேன், பாக்கலையா?”

அவன் நம்பவில்லை. வெளியே போய் ஹாமிதுக்குப் போன் போட்டான்.

“யாராச்சும் தொட்டுக்கிட்டே இருந்தா அது வராதுண்ணே. மௌஸ்ல தூசி இருந்தாலும் ஆடும். கழட்டித் தொடச்சுப் பாருங்க.”

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன். எது கோளாறு என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது அவனுக்குப் பழக்கம். மௌஸைக் கவிழ்த்து உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே படிந்திருந்த அழுக்கை ஊக்கால் சுரண்டினான். காற்றில் மேசை ஆடுகிறதோ என்று சீலிங் பேனை நிறுத்தினான். இறக்கைகள் கிறீச்சிட்டு ஓய்ந்ததும், அதுவரை பேன் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த மானிட்டரின் மெல்லிய ரீங்காரமும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், தன் சட்டையிலிருந்தே வந்த வெடிமருந்து நெடியும், அதற்கு அடியில், விபத்தில் எரிந்த அறைக்குத் தண்ணீர் அடித்தபின் எழுமே, நனைந்து கருகிய வெடியின் அந்த நாற்றமும் அந்தச் சின்ன அறையை நிறைத்துக்கொண்டன. காத்திருந்தான். நட்சத்திரம் வரவில்லை.

மௌஸ் ஒயரைப் பிடுங்கினான். கீபோர்டு ஒயரையும் பிடுங்கினான். அறை வாசலுக்கு வந்து, இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

திரையில் அம்பு நகர்ந்தது.

மத்தாப்புப் பெட்டிப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த மாரிசெல்வியின் நெற்றிக்குப் போனது. கூந்தல் வழியாக இறங்கியது. கழுத்தில் நின்றது. அங்கேயே சுற்றியது. மெதுவாக. ஆசையாக.

முனியராஜுக்கு முதலில் பயம் வரவில்லை. என் பெண்டாட்டி என்ற ஆத்திரம்தான் வந்தது. பிறகுதான் நாற்காலியைப் பார்த்தான். ஒயர் பின்னிய இருக்கை, ஆள் உட்கார்ந்த கணக்காகக் கீழே தொய்ந்திருந்தது.

கம்பெனியில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் எத்தனை ஆட்கள் இருக்கலாம் என்று எழுதியிருக்கும். ஒருவர் கூடினாலும் முனியராஜ் வாசலில் நின்று ஒரு அதட்டல் போடுவான், கூடுதலாக இருப்பவர் எழுந்து வந்துவிடுவார். அவனை அறியாமல் அதே குரல் இப்போதும் வந்தது.

“ரூம்ல கூடுதலா இருக்க ஆளு வெளிய வா.”

எங்கே வர வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

இருக்கை ஒயர்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. திரை கறுத்தது. நட்சத்திரங்கள் பறந்து வரத் தொடங்கின.

அவன் தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. சில்லென்று. அதே நாற்றம். அது தெரு வாசல் பக்கம் போகவில்லை.

அடுப்படியில் மாரிசெல்வி சிரித்தாள். அவனிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று.

“விடுங்க. கை எம்புட்டுக் குளுருது உங்களுக்கு.”

முனியராஜ் தலையைத் திருப்பினான். அவன் கைகள் இரண்டும் இன்னும் நிலையில்தான் இருந்தன.

இவனுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகில் கிடந்த சடை தானாக எழுந்தது. தோளைத் தாண்டி முன்பக்கம் போய் விழுந்தது. திறந்த பிடரியில் ஐந்து இடங்களில் சதை மெல்ல அமுங்கியது.

அவள் சொகுசாகப் பின்னால் சாய்ந்தாள். பின்னால் சுவர் இல்லை. அவள் விழவில்லை.