கூகைமலைச் சுனை

நான்கு மணிக்குள் மலைமேல் தண்ணீரைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அங்கிருப்பவை வெறும் ஆட்டுப்பட்டிச் சுவர்கள், தண்ணீரில்லாத இடத்தில் யாரும் குடியிருந்ததே இல்லை என்று எழுதிவிட்டு விசாரணைக் குழு இறங்கிவிடும். நாற்பது குடும்பங்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்பும் உரிமை அதோடு போய்விடும். பொன்னுருவி விடியற்காலையிலேயே மாமா சடையனோடு கிளம்பிவிட்டாள்.

கூகைமலை அப்படியொன்றும் பெரிய மலைத்தொடர் இல்லை. பதினோரு கிலோமீட்டர் நீளம், ஐந்து முகடு, அவ்வளவுதான். அட்லாஸில் ஒரு புள்ளி வைக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு பஞ்சத்துக்கு ஓடிவந்தவர்கள் அதன்மேல் ஏறி, சாமை விதைத்து, பலா நட்டு, ஆறேழு தலைமுறை வாழ்ந்தார்கள். பிறகு வாந்திபேதி வந்து பாதிப்பேரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் அடிவாரத்துக்கு இறங்கினார்கள். அப்போது சடையனுக்கு மூன்று வயது. பொன்னுருவி பிறக்கவே இல்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். ஆல்ப்ஸ் மலையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். சொந்த மலையில் கால் வைத்ததில்லை. அப்பா மலையைப் பற்றிப் பேசியதே இல்லை, இவளும் கேட்டதில்லை. போன தை மாதம் அவர் இறந்தபின், பெட்டியில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் கையால் வரைந்த மலைப் படம் கிடைத்தது. மேலே பெரிய முகடு, நடுவில் பலாமரம், மரத்துக்கு வலப்பக்கம் மூன்று பாறை, அங்கே ஒரு வட்டம். அதுதான் சுனை.

பத்து மணிக்குப் பலாமரத்தை அடைந்தார்கள். சுற்றிலும் கூரையற்ற கல்சுவர்கள். ஒரு வாசற்படி மட்டும் வழவழவென்று இருந்தது. எத்தனை கால்கள் பட்டிருக்கும்! ஒருவரும் இல்லை. காற்றுகூடப் பேசாமல் போனது. இத்தனை வீடுகளுக்கு நடுவில் தனக்கென்று கூப்பிட ஒரு பெயர் இல்லையே என்று நினைத்தபடி அவள் படத்தை விரித்தாள்.

படத்தின் வலப்பக்கம் கிழக்கு. கிழக்கே ஓடினாள். முள்ளும் சரிவும்தான் இருந்தன. பாறையைப் பிடித்து இறங்கினாள், சறுக்கினாள், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு மறுபடி ஏறினாள். மணி இரண்டாகிவிட்டது. பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம்.

சடையன் நெற்றியைத் துடைத்தான். "போதும் கண்ணு, எறங்கிடலாம். இருக்கற தண்ணி வழிக்கே பத்தாது."

அவள் மரத்தடியில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். அப்பாவின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தபோது பெரிய முகடு எதிரே நின்றது, தெற்கில். படத்திலோ அது உச்சியில் இருந்தது. அப்பா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், தாளின் உச்சியில் வடக்கை வைக்க? அவர் மலையைப் பார்த்து நின்றே வரைந்திருக்கிறார்! சே, டீச்சராம் டீச்சர்!

அவள் முகட்டைப் பார்த்து நின்றாள். வலக்கை மேற்கைக் காட்டியது.

முந்நூறு அடி தள்ளி மூன்று பாறைகள் இருந்தன. நடுவில் வெறும் மண். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சடையன் குனிந்து மண்ணைத் தள்ளினான். உள்ளே ஒரு பலகைக்கல்.

"ஊர விட்டுப் போறப்ப சுனைய மூடிட்டுப் போவாங்கன்னு எங்கம்மா சொல்லும். பன்னி எறங்கிக் கலக்கிடக் கூடாதுல்ல."

இருவரும் தம் பிடித்துக் கல்லைப் புரட்டினார்கள். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. கீழே தெளிந்த தண்ணீர்! ஓரத்துப் பிளவில் ஒரு வெண்கலக் குவளை கவிழ்ந்திருந்தது, இனி வருகிறவர் குடிப்பதற்கு. அப்பாவின் ஊர் தனக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது. அவள் குடித்துக்கொண்டே அழுதாள்.

மூன்றே முக்காலுக்கு மூச்சிரைக்க ஏறிவந்த குழு அதிகாரியிடம் அதே குவளையை நீட்டினாள். அவர் இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தார். குழு போனதும் அவர்கள் குவளையைக் கழுவிக் கவிழ்த்து, சுனையை மூடிவிட்டு இறங்கினார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில், எந்தப் படத்தைப் பார்த்தாலும் வரைந்தவர் எங்கே நின்றார் என்று முதலில் கேளுங்கள் என்றாள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், உங்க ஊரு எது?"

இத்தனை நாள் அடிவாரத்துக் காலனியின் பெயரைச் சொல்லிவந்தவள், ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டினாள்.