பானை இல்லாத வீடு

களஞ்சியத்தில் அரிசி நிறைந்து கிடந்தும், குடிகள் ஒவ்வொருவராக ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சோரிம் திரையருகே குனிந்தாள். இந்தக் கணினி விளையாட்டில் யார் எப்போது குடிபெயர வேண்டும் என்று விதி எழுதுவதுதான் அவள் வேலை. பசி, குளிர், பயம். மூன்றும் இல்லாமல் எதற்குப் போகிறார்கள்?

எல்லோர் தலையிலும் சோற்றுப் பானை. அதுவும் அவள் எழுதிய விதிதான். குடிபோகும் வீட்டுக்குள் முதலில் பானைதானே போகும்? பானை இருந்தால் அது ஆள் உள்ள வீடு, தாண்டிப் போ. இல்லையென்றால் காலி வீடு, உள்ளே போ. ஆனால் அந்த விளையாட்டு ஊரில் பானை இல்லாத வீடே கிடையாது.

பக்கத்து மேசை தேகுன் எட்டிப் பார்த்தான். "அக்கா, காட்டோரமா ஒரு கதவு இருக்கே, யாரு வரைஞ்சது?"

சாம்பல் நிற இரும்புக் கதவு. மேலே 903. சனிக்கிழமை சோரிம் குடிபோன அடுக்குமாடி வீட்டின் கதவு அது. அவள் வீட்டில் சோற்றுப் பானை என்றால் குக்கர்தான்; பழையதைத் தூக்கிப் போட்டாயிற்று. புதியது அலுவலகத்துக்கு வந்து, பேருந்தில் சுமக்கச் சோம்பல்பட்டு, இன்னும் அவள் காலடியில்தான் கிடந்தது. பானை இல்லாமலா குடிபோனீங்க, உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க என்று தேகுன் காலையில்தான் கேலி செய்திருந்தான்.

திரையில் கதவு திறந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

பள்ளி விட்டு மகள் ஹாரின் வீட்டுக்கு வந்திருப்பாள். ஏழு வயதுப் பெண், தனியாக. போனை எடுக்கவில்லை.

குக்கர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சோரிம் டாக்சி பிடித்தாள். ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் திறந்ததுமே சோறு கொதிக்கும் வாசனை, ஈர வைக்கோல் வாசனை, அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பலர் மெல்லும் சத்தம். பூட்டின் எண்களை அழுத்தினாள். திறந்தது.

வாசலில் வைக்கோல் செருப்புகள். கூடம் நிறைய முதுகுகள். நடுவில் ஹாரின். வாய் நிறையச் சோறு.

"ஹாரின், எழுந்து வா."

குழந்தை நிமிர்ந்தது. தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"யாரும்மா அது?" என்றது ஒரு முதுகு.

"தெரியல," என்றாள் ஹாரின். "குடி வர்றவங்க போல. கையில பானை வச்சிருக்காங்க."

"இங்க பானை இருக்குன்னு சொல்லிடு."

கதவு மூடிக்கொண்டது. தட்டக் கை எழவில்லை. கால்கள் தாமாகவே திரும்பின.

904. உள்ளே பானை இருந்தது. எப்படியோ தெரிந்தது. 905. இருந்தது. ஹாரின், ஹாரின் என்று வாய் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, கால்கள் அவளை அடுத்த மாடிக்கு இறக்கிக்கொண்டு போயின.