பதினொன்றுக்கு மேல்

மடிக்கணினித் திரையில் ‘வைஃபையில் இடம் இல்லை’ என்று வந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் வீட்டு வைஃபைக்கு வைத்தியம் சொல்வதுதான் அவள் வேலை. சாப்பாட்டு மேஜை ஓரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, நெட் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் நாள் முழுக்கக் குரல் உயராமல் பேச வேண்டும். அதே வியாதி அவள் வீட்டுக்கே வந்தால் அவள் யாரிடம் போய்க் கத்துவது?

ஏற்கெனவே இன்று இரண்டு அழைப்புகள் பாதியில் அறுந்துவிட்டன. உள்ளறையில் பாப்பா காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். ஒரு நாள் லீவு கேட்டதற்கு, “வீட்லேருந்துதானே வேலை பாக்கறீங்க, குழந்தையும் வீட்லதானே இருக்கு?” என்று டீம் லீடர் வாயை அடைத்துவிட்டார். அதனால் பாப்பாவின் தலைமாட்டில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து அதன் கேமராவைத் திறந்துவிட்டு, அந்தப் படத்தைத் தன் போனில் பார்த்தபடி வேலை செய்துகொண்டிருந்தாள். போர்வை ஏறி இறங்குவது தெரிந்தால் போதும், மனசு அடங்கும்.

வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்கு முன்பே வீடு இருட்டத் தொடங்கியிருந்தது.

போனிலேயே ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தாள். இணைந்திருக்கும் சாதனங்கள் பதினொன்றுக்குப் பதினொன்று என்று காட்டியது. அந்தப் பதினொன்று அவள் வீட்டுக்காரர் போட்ட பூட்டு. குடிவந்த புதிதில் மேல்மாடி வீடுகளின் பிள்ளைகளெல்லாம் ஓசியில் படம் பார்ப்பதைக் கண்டுபிடித்து, “நம்ம வீட்ல இருக்கறது பதினோரு சாமான். அதுக்கு மேல ஈ, காக்கா கூட உள்ள நுழையக் கூடாது” என்று எல்லையை இறுக்கிவிட்டிருந்தார். வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்காருங்கள் என்று அவள் அன்றைக்குக் கிண்டல் செய்தாள்.

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். டிவி, பிரிண்டர், பல்புகள், டேப்லெட், தன் போன் எல்லாம் இருந்தன. வீட்டுக்காரரின் போன் அவர் சட்டைப் பையில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. மடிக்கணினியையும் சேர்த்தே பத்துதான் வரும். கடைசி இரண்டு இடங்களில் பெயரில்லாத இரண்டு உட்கார்ந்திருந்தன.

இரண்டையும் தடுத்தாள். மடிக்கணினி உள்ளே போனது. ஹெட்போனைச் சரிசெய்து வணக்கம் சொல்வதற்குள் மறுபடி வெளியே தள்ளப்பட்டது. பெயரில்லாதவை இரண்டும் பழைய இடத்திலேயே இருந்தன.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தின் குழிக்குள் நின்றாரோ, குரல் கிணற்றிலிருந்து வந்தது.

“ஏங்க, யாரோ நம்ம வைஃபைல வந்து உக்காந்துட்டாங்க. என்னைய வெளிய தள்ளுது.”

“அந்தப் பசங்களாத்தான் இருக்கும். பாஸ்வேர்டை மாத்திடேன்.”

“மாத்தினா பல்பு வரைக்கும் எல்லாத்தையும் மறுபடி இணைக்கணும். எனக்கு மூச்சு விட நேரமில்ல.”

“அப்ப ஒண்ணு ஏத்தி விடும்மா. நான் வந்து பாக்கறேன்.”

உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல் எல்லையை ஏற்றாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள். ஆனால் டீம் லீடரின் செய்தி போன் திரையில் வந்து நின்றது: இன்னொரு அழைப்பு அறுந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு என்று மாற்றினாள்.

மடிக்கணினி இணைந்தது. அதே நேரம் அவள் முதுகுக்குப் பின்னால், யாரோ களைத்துப்போய் வந்து உட்கார்வது போல, சோபா மெத்தை மெதுவாக அமுங்கி, அதன் பழைய ஸ்பிரிங் ஒரு முறை முனகியது.

திரும்பிப் பார்த்தாள். சோபாவில் யாரும் இல்லை.

மழைக்கு மரம் ஊறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திரையில் மறுபடி ‘இடம் இல்லை’. பெயரில்லாதவை இப்போது மூன்றாகியிருந்தன. அவற்றின் பக்கத்தில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது திருடினால் இரண்டு கோடு வரும். நான்கும் நிறைந்தால் அந்தப் பொருள் ரௌட்டர் இருக்கும் அறையிலேயே இருக்கிறது என்று அர்த்தம். ரௌட்டர் அவள் தலைக்கு மேலே, சுவரில் இருந்தது.

பயப்படக்கூட விடாமல் டீம் லீடர் போனில் கூப்பிட்டு இரைந்தார். “லைன்ல ஆள் நிக்கறாங்க, எங்க போனீங்க?”

“ரெண்டே நிமிஷம் சார்.”

எரிச்சலில் இருபது என்று அடித்தாள். கண் எதிரே நிரம்பியது. முப்பது. நிரம்பியது. அட, எத்தனைதான் வருவீர்கள், வந்து தொலையுங்கள் என்று வாய்விட்டே சொல்லி ஐம்பது என்று அடித்தாள். அதுவும் நிரம்பியது. ஹாலில் காற்று கனத்தது. ஈரத் துணியும், எண்ணெய் காயாத தலைமுடியும், நெடுநேரம் வாயைத் திறக்காதவர்களின் மூச்சும் கலந்த வாடை ஒன்று அவள் கழுத்தைச் சுற்றி வெதுவெதுப்பாகப் படிந்தது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்தது. ஹாலிலும் சமையலறையிலும், சத்தம் போடக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்தாற்போல, பாதங்கள் மெல்ல மெல்லத் தரையில் ஒதுங்கி இன்னொருவருக்கு வழிவிடும் உரசல் கேட்டது.

அப்போதாவது அவள் நிறுத்தியிருக்கலாம். ஆத்திரம் கண்ணை மறைத்தது. அந்த ரௌட்டர் ஏற்றுக்கொள்ளும் கடைசி எண் இருநூற்றைம்பத்து நான்கு. பெட்டியின் மேல் அப்படித்தான் போட்டிருக்கும், வீட்டில் முப்பது தாண்டினாலே அதற்கு மூச்சு முட்டும் என்று அழைப்பவர்களிடம் தினமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த எண்ணை அடித்தாள்.

இந்த முறை எண்ணிக்கை நிதானமாக ஏறியது. நூறு. நூற்றைம்பது. அவசரமே இல்லை அவர்களுக்கு. இருநூறு. கடைசி இடமும் நிறைந்தது.

உரசல் நின்றது.

போனில் பாப்பாவின் படம் அசையாமல் நின்றது. டேப்லெட்டின் இணைப்பு போய்விட்டது. உறைந்து நின்ற அந்தக் கடைசிக் காட்சியில் பாப்பா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது.

உட்கார்ந்தபடியே எட்டி ரௌட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. வாடை போகவில்லை. உள்ளே வந்தவர்கள் வந்தவர்கள்தான்.

“பாப்பா!”

நாற்காலியைப் பின்னால் தள்ளப் பார்த்தாள். நகரவில்லை. பக்கவாட்டில் நழுவி எழுந்தாள். உள்ளறைக்கு நேரே வழி. காலியான வழி. ஓர் அடி வைத்தாள். நெஞ்சில் ஒரு தோள் இடித்தது. இன்னோர் அடி. முதுகில் யாரோ. இடுப்பில் யாரோ. அவளையும் அறியாமல், “கொஞ்சம் நகருங்க, குழந்தை தனியா இருக்கு” என்றாள்.

யாரும் நகரவில்லை. நகர இடம் இல்லை.

போன் கையிலிருந்து நழுவியது. தரையில் விழவில்லை. அவள் இடுப்பு உயரத்தில், எதற்கோ எதற்கோ நடுவில் சிக்கி நின்றது.

கை தூக்க முடியவில்லை. கத்த மூச்சு இல்லை.

உள்ளறைக் கதவு திறந்தது.

பாப்பா வந்தாள். நடந்து வரவில்லை. விட்டத்துக்குச் சற்றுக் கீழே, மல்லாந்தபடி, காய்ச்சல் தூக்கம் கலையாமல் வந்தாள். நெரிசலான பஸ்ஸில் கைக்குழந்தையைத் தலைகளுக்கு மேலே கைமாற்றி அனுப்புவார்களே, அதே பக்குவத்தோடு, அதே பொறுமையோடு. ஓரிடத்தில் அவள் தலை தொங்கியது. உடனே எதுவோ அதைத் தாங்கி நிமிர்த்தியது.

அம்மாவின் தலைக்கு மேலாகவே போனாள். பாப்பாவின் தலைமுடி அவள் நெற்றியில் பட்டது. அம்மா எம்பினாள். சுற்றியிருந்த தோள்கள் இறுகின.

வாசல் கதவு திறந்துகொண்டது. உள்ளே இருப்பவர்கள் வெளியே அனுப்புகிறார்கள், அவ்வளவுதான், படியில் இறக்கிவிடுவார்கள், யாராவது பார்ப்பார்கள், தூக்கிக்கொள்வார்கள் என்று அவள் மனம் கெஞ்சியது.

வாசலைத் தாண்டியும் பாப்பா தரைக்கு இறங்கவில்லை. அதே உயரத்தில், கைமாறிக் கைமாறி, ஆளில்லாத மாடிப்படியில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தாள்.